எல்லை கடக்கும் மருத்துவ விமானம்: குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டியவை

அயல்நாட்டில் பணிபுரியும் மகன் விபத்தில் சிக்குகிறார்; அல்லது அண்டை நாட்டில் வாழும் தாயாருக்குப் பக்கவாதம் நேர்கிறது. அங்குள்ள மருத்துவமனையில் தீவிர சிகிச்சை தொடங்கிய சில மணி நேரத்திலேயே குடும்பத்தாரின் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுகிறது: “ஒரு தனி விமானத்தை அமர்த்தி உடனே இங்குக் கொண்டுவந்துவிட இயலாதா?”

இயலும். இலங்கை, மாலத்தீவு, வளைகுடா நாடுகள், சிங்கப்பூர், மலேசியா ஆகிய இடங்களிலிருந்து நோயாளிகள் சிறிய மருத்துவ விமானங்களில் தமிழகத்துக்கு வருவதும், சிகிச்சை முடிந்தோ முடியாமலோ இங்கிருந்து தத்தம் நாடு திரும்புவதும் நடைபெறுகின்றன. ஆயினும், பணம் செலுத்தியவுடன் புறப்பட்டுவிடும் வாடகைக் கார் போன்றதன்று இப்பயணம். இரண்டு கேள்விகளுக்கு விடை கிடைத்த பின்னரே விமானம் ஓடுபாதையை விட்டு எழும்ப முடியும். நோயாளியின் உடல் அப்பயணத்தைத் தாங்குமா என்பது முதற்கேள்வி. நாடுகள் அதற்கு இசைவளிக்குமா என்பது இரண்டாவது. இவ்விரண்டும் தனித்தனியானவை போலத் தோன்றினாலும் ஒன்றின் விடை மற்றொன்றை மாற்றிவிடக் கூடியது. எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வானத்துக்கும் எல்லை உண்டு

தரையில் எல்லையைக் காட்டக் கம்பிவேலியோ சோதனைச்சாவடியோ இருக்கும். வானத்தில் அத்தகைய அடையாளம் ஏதுமில்லை. ஆனால், ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் நிலப்பரப்புக்கும், கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 22 கிலோமீட்டர் வரையுள்ள கடற்பரப்புக்கும் மேலுள்ள வான்வெளியில் முழு இறையாண்மை உண்டு. 1944ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கையின் முதற்பிரிவே இதனைக் கூறுகிறது. இன்று உலகின் ஏறத்தாழ எல்லா நாடுகளும் அவ்வுடன்படிக்கையில் உறுப்பு வகிக்கின்றன.

ஆகவே, நோயாளியை அழைத்துவரும் விமானம், இறங்கும் நாட்டின் இசைவை மட்டுமன்றி, வழியில் எந்தெந்த நாடுகளின் மேலாகப் பறக்கிறதோ அந்நாடுகளின் இசைவையும் பெற வேண்டும். பயணிகள் விமான நிறுவனங்கள் இவற்றை நீண்டகால ஒப்பந்தங்களின் வழியே முன்னரே பெற்று வைத்திருக்கின்றன. ஒரே ஒரு பயணத்துக்காகப் புறப்படும் சிறு விமானம் ஒவ்வொரு முறையும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது. இந்தியாவில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் இவ்விசைவை வழங்குகிறது. இதற்கு மேலாக, இந்திய வான்வெளியில் நுழையும் விமானம் வான் பாதுகாப்பு அனுமதி எண் ஒன்றையும் பெற்றிருத்தல் வேண்டும். அந்த எண் இல்லாத விமானம் அடையாளம் தெரியாத விமானமாகவே கருதப்படும்.

புறப்படுவதற்கு முன் விமானி பயணத் திட்டம் ஒன்றைத் தாக்கல் செய்கிறார். பாதை, உயரம், வேகம், எரிபொருள், விமானத்தில் உள்ளோர் எண்ணிக்கை ஆகியவை அதில் இடம்பெறும். மருத்துவப் பயணமாயின் அதனைச் சுட்டும் குறியீடும் அதில் சேர்க்கப்படும். இக்குறியீடு இருவகைப்படும். மருத்துவத் துறையினரால் மருத்துவப் பயணமென அறிவிக்கப்பட்டதற்கு ஒன்று. உயிருக்கு ஆபத்தான நிலையில் நோயாளியை அவசரமாக அகற்றிச் செல்லும் பயணத்துக்கு மற்றொன்று. இரண்டாவது வகைக் குறியீட்டைக் கண்டால் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் இயன்றவரை நேர்ப்பாதையும் இறங்குவதில் முன்னுரிமையும் தருவர். அதனாலேயே, மருத்துவர் தரும் நோய்நிலை அறிக்கை விமான நிறுவனத்துக்கும் இன்றியமையாததாகிறது. அறிக்கையில் உள்ள நிலைக்கும் குறியீட்டுக்கும் பொருத்தம் இருக்க வேண்டும்.

பறக்கும்போது எல்லை எப்படிக் கடக்கப்படுகிறது? விமானி வரைபடத்தில் குறிக்கப்பட்ட ஒரு புள்ளியை எந்நிமிடத்தில் அடைவோம் என்று முன்னரே தெரிவித்துவிடுகிறார். அப்புள்ளியை நெருங்கியதும் ஒரு கட்டுப்பாட்டு மையம் அவரிடம் விடைபெற்று, அடுத்த மையத்தின் வானொலி அலைவரிசையை அறிவிக்கிறது. விமானி அலைவரிசையை மாற்றி, தம் பெயர்க்குறியையும் உயரத்தையும் கூறுகிறார். படுக்கையில் இருக்கும் நோயாளியும் அருகில் அமர்ந்திருக்கும் மகளும் அதை அறியவும் மாட்டார்கள். அறியாமலே கடந்துபோகும் அந்த நொடிக்காகத்தான் தரையில் பல மணி நேரம் ஆவணப்பணி நடந்திருக்கிறது.

‘தனி விமானம்’ எல்லாம் ஒன்றல்ல

இங்கு ஒரு வேறுபாட்டைக் குடும்பத்தார் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். ஒருவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருக்கும் விமானம் வேறு. கட்டணம் பெற்றுப் பிறரை ஏற்றிச்செல்ல உரிமம் பெற்ற விமானம் வேறு. இந்தியச் சட்டப்படி, தனியார் பயன்பாட்டு வகையில் பதிவான விமானம் வாடகைக்குப் பயணிகளை ஏற்றக் கூடாது. வாடகைக்கு இயக்க, அட்டவணையில்லா விமானச் சேவைக்கான உரிமம் வேண்டும். பிற நாடுகளிலும் இதையொத்த விதிகள் உண்டு.

“தெரிந்தவர் ஒருவரின் விமானம் இருக்கிறது, பாதிக் கட்டணத்தில் ஏற்பாடு செய்கிறோம்” என்று இடைத்தரகர் எவரேனும் கூறினால், உரிமத்தின் நகலையும் காப்பீட்டுச் சான்றையும் கேளுங்கள். உரிமமில்லாத பயணத்தில் விபத்து நேர்ந்தால் காப்பீடு பயன்படாமல் போகலாம். எல்லையில் விமானம் நிறுத்தப்பட்டால் நோயாளியும் அங்கேயே நிறுத்தப்படுவார். விமானத்தின் வாலருகே எழுதப்பட்டிருக்கும் பதிவெழுத்துகள் அது எந்நாட்டைச் சேர்ந்தது என்பதைக் காட்டும். ‘விடி’ என்று தொடங்கினால் இந்தியா. ‘4ஆர்’ எனில் இலங்கை. ‘8க்யூ’ எனில் மாலத்தீவு. ‘9வி’ எனில் சிங்கப்பூர்.

உரிமம் மட்டும் போதாது. விமானத்தினுள் மருத்துவப் படுக்கை, ஆக்சிஜன் இணைப்பு, வென்டிலேட்டர் எனப்படும் செயற்கைச் சுவாசக் கருவி, இதயத்துடிப்பைக் காட்டும் மானிட்டர், மருந்தைச் சீராகச் செலுத்தும் பம்ப், சளி உறிஞ்சும் கருவி ஆகியவை முறையாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். பணக்காரர்கள் பயணிக்கும் சொகுசு விமானத்தில் ஒரு ஸ்ட்ரெச்சரை வைத்துக் கட்டிவிட்டால் அது மருத்துவ விமானம் ஆகிவிடாது.

எங்கு வேண்டுமானாலும் இறங்க முடியாது

அயல்நாட்டிலிருந்து வரும் விமானம் முதலில் இறங்கும் இடத்தில் சுங்கத்துறையும் குடியேற்றத்துறையும் இருந்தாக வேண்டும். ஆகையால், நோயாளி சேர வேண்டிய மருத்துவமனைக்கு அருகில் சிறு விமானதளம் ஒன்று இருந்தாலும், வெளிநாட்டிலிருந்து நேராக அங்கு இறங்க இயலாது. வேலூரில் சிகிச்சை பெற வேண்டியவர் சென்னையில் இறங்கி, நுழைவு நடைமுறைகளை முடித்துக்கொண்டு, ஏறத்தாழ 140 கிலோமீட்டர் சாலைவழி செல்ல வேண்டியிருக்கும். தென்மாவட்டத்துக்குச் செல்பவருக்குத் திருச்சிராப்பள்ளியோ மதுரையோ பொருத்தமாக இருக்கலாம். அவ்வேளையில் அங்குக் குடியேற்ற அலுவலர்கள் பணியில் இருப்பார்களா, விமானநிலையம் இரவில் இயங்குமா என்பவற்றை முன்னரே உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

அண்டைநாட்டின் அண்மை சில சமயம் நம்மை ஏமாற்றிவிடும். யாழ்ப்பாணம் விமானநிலையத்திலிருந்து திருச்சிராப்பள்ளி வான்வழியே ஏறத்தாழ 185 கிலோமீட்டர்தான். சிறு விமானத்துக்கு அரைமணி நேரத்துக்குச் சற்று மிகுதி. 2019ஆம் ஆண்டு அக்டோபரில் அந்நிலையம் பன்னாட்டு விமானநிலையமாகத் திறக்கப்பட்டது. ஆயினும், அந்த அரைமணி நேரப் பறப்புக்கும் இருநாட்டு இசைவு, இருநாட்டுக் குடியேற்றம், இருநாட்டுச் சுங்கம் ஆகிய அனைத்தும் வேண்டும். தூரம் குறைவதால் நடைமுறை குறைவதில்லை.

வேறொரு விதியும் உண்டு. வெளிநாட்டில் பதிவான விமானம், நாட்டுக்குள்ளே ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குக் கட்டணம் பெற்றுப் பயணிகளை ஏற்றிச்செல்வதைப் பொதுவாக எந்நாடும் அனுமதிப்பதில்லை. நோயாளியை மஸ்கட்டிலிருந்து சென்னைக்குக் கொண்டுவந்த வெளிநாட்டு விமானமே, சில நாள் கழித்து அவரைச் சென்னையிலிருந்து கோயம்புத்தூருக்கு மாற்றித் தரும் என்று எதிர்பார்த்தல் கூடாது. சேர வேண்டிய மருத்துவமனையைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உயரம் உடலுக்குச் செய்வது

இனி, முதற்கேள்விக்கு வருவோம். விமானம் உயரப் பறந்தாலும் அதன் உள்ளறையில் காற்றழுத்தம் செயற்கையாகப் பேணப்படுகிறது. ஆனால், அது தரையில் உள்ள அளவுக்குப் பேணப்படுவதில்லை. பொதுவாக 8,000 அடி, அதாவது ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் உள்ள அழுத்தம் வரை அது குறையலாம். உதகமண்டலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதைவிடச் சற்று உயரமான மலையுச்சிக்கு நோயாளியைச் சில நிமிடங்களில் ஏற்றிவிடுவதற்கு இது ஒப்பாகும்.

கடல்மட்டத்தில் காற்றழுத்தம் பாதரச அளவில் 760 மில்லிமீட்டர். 8,000 அடியில் அது ஏறத்தாழ 565. அதனால் இரண்டு விளைவுகள் ஏற்படுகின்றன. முதலாவது, ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைகிறது. நலமான ஒருவர் அதை உணர மாட்டார். நுரையீரல் அழற்சியுள்ளவருக்கும், இதயம் தளர்ந்தவருக்கும், இரத்தசோகை மிக்கவருக்கும் அது பெரும் இழப்பாகலாம். இரண்டாவது, உடலுக்குள் அடைபட்டிருக்கும் காற்று விரிவடைகிறது. தரையில் 100 மில்லிலிட்டராக இருந்த காற்று அவ்வுயரத்தில் 130 மில்லிலிட்டருக்கும் மேலாகிவிடும்.

அடைபட்ட காற்று என்பது எங்கெல்லாம் இருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்த்தால் இதன் ஆபத்து விளங்கும். விபத்தில் விலா எலும்பு முறிந்து நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்திருந்தால், அது விரிந்து நுரையீரலை நசுக்கும்; அதனை வடிகுழாய் மூலம் வெளியேற்றாமல் பறத்தல் ஆகாது. தலைக்காயத்தில் மண்டையோட்டுக்குள் காற்று புகுந்திருந்தால் மூளை அழுத்தப்படும். அண்மையில் வயிற்று அறுவை சிகிச்சை செய்தவருக்குக் குடற்காற்று விரிந்து தையலை இழுக்கும். விழித்திரை அறுவையின்போது கண்ணுக்குள் வாயு செலுத்தப்பட்டிருந்தால், அது கரைந்து முடியும் வரை, அதாவது சில வாரங்கள் வரை, விமானப் பயணம் பார்வையையே பறித்துவிடக் கூடும். மூச்சுக்குழாயில் பொருத்திய குழாயின் நுனியில் உள்ள சிறு காற்றுப்பையும் விரியும். அதன் அழுத்தத்தை மருத்துவக் குழுவினர் வழியெங்கும் அளந்து சரிசெய்வர். எலும்பு முறிவுக்குப் புதிதாக மாவுக்கட்டு போட்டிருந்தால் அதைப் பிளந்துவிட்டே ஏற்றுவர்.

இரைச்சல், அதிர்வு, வறண்ட காற்று, ஏறும்போதும் இறங்கும்போதும் ஏற்படும் சாய்வு ஆகியவையும் உண்டு. இரைச்சலில் ஸ்டெதஸ்கோப்பால் மார்பொலியைக் கேட்க இயலாது; கருவிகளின் திரையையும் நோயாளியின் முகத்தையும் பார்த்தே குழுவினர் முடிவெடுக்க வேண்டும். எனவேதான், பறக்கும்போது செய்ய நேரக்கூடிய சிகிச்சைகளை இயன்றவரை தரையிலேயே செய்து முடித்துவிடுகிறார்கள். சுவாசம் தடைப்படலாம் என்ற ஐயம் இருந்தால், புறப்படுமுன்பே செயற்கைச் சுவாசக் குழாயைப் பொருத்திவிடுவதும் உண்டு. “நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவருக்கு ஏன் குழாய் பொருத்தினீர்கள்?” என்று சில உறவினர் வருந்துவர். காரணம் இதுவே.

மருத்துவரின் ஒரு வரி பாதையை மாற்றும்

இரு கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னியிருப்பதை இங்குக் காணலாம். காற்று விரிவடைதல் ஆபத்தானது என்று மருத்துவர் கருதினால், “உள்ளறை அழுத்தம் கடல்மட்ட அளவில் இருக்க வேண்டும்” என்று எழுதுவார். விமானத்தின் உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் இடையே இருக்கக்கூடிய வேறுபாட்டுக்கு ஒரு வரம்பு உண்டு. ஆகவே, உள்ளே கடல்மட்ட அழுத்தம் வேண்டுமெனில் விமானம் தாழ்வாகப் பறக்க வேண்டும். தாழ்வாகப் பறந்தால் காற்று அடர்த்தியாக இருக்கும். ஜெட் விமானம் மிகுதியான எரிபொருளைச் செலவிடும். சென்றடையும் தூரம் குறையும்.

மஸ்கட்டிலிருந்து சென்னை ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர். உயரப் பறந்து ஒரே மூச்சில் வந்துவிடக்கூடிய விமானம், தாழ்வாகப் பறக்கும்போது வழியில் எரிபொருள் நிரப்ப வேண்டியிருக்கலாம். அவ்வாறு மும்பையில் இறங்கினால் அதுவே இந்தியாவில் முதலில் இறங்கும் இடமாகிவிடும். குடியேற்றமும் சுங்கமும் அங்கே நடைபெற வேண்டும்; அதற்கேற்ப இசைவு விண்ணப்பத்தில் பாதையும் மாற வேண்டும். மருத்துவர் அவ்வரியைக் கடைசி நேரத்தில் சேர்த்தால் எல்லா ஆவணங்களும் மீண்டும் தொடங்கும். ஆகையால்தான், விமானம் பேசி முடிப்பதற்கு முன்பே சிகிச்சையளிக்கும் மருத்துவரும் விமான மருத்துவரும் ஏற்கும் மருத்துவரும் ஒருவரோடொருவர் பேச வேண்டும் என்கிறோம். உறவினர் செய்யக்கூடிய மிகப் பெரும் உதவி, அந்த மூவரையும் தொலைபேசியில் இணைத்துவைப்பதே.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு

மாலத்தீவின் தலைநகர் மாலேயில் தீவிர சிகிச்சைப் பிரிவில் உள்ள ஒருவரைச் சென்னைக்குக் கொண்டுவருவதாகக் கொள்வோம். வான்வழித் தூரம் ஏறத்தாழ 1,220 கிலோமீட்டர். மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் செல்லும் இரட்டை எஞ்சின் கிங் ஏர் வகை விமானத்துக்கு இரண்டரை மணி நேரம் ஆகும்.

ஆனால், நோயாளியின் பயணம் இரண்டரை மணி நேரமன்று. மருத்துவமனைக் கருவிகளிலிருந்து விமானக் கருவிகளுக்கு அவரை மாற்றி, சீரான நிலை உண்டாகும் வரை காத்திருந்து, விமானநிலையம் அமைந்துள்ள ஹுலுலே தீவுக்குப் பாலம் வழியே சென்று, புறப்பாட்டு நடைமுறைகளை முடித்து விமானத்தில் ஏற்ற ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் இறங்கி, நுழைவு நடைமுறை முடித்து, ஆம்புலன்ஸில் மருத்துவமனைப் படுக்கையை அடைய இன்னும் ஒன்றரை மணி நேரம். ஆக மொத்தம் ஐந்தரை மணி நேரம்.

அவருக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் ஆக்சிஜன் தேவையெனில், மணிக்கு 600 லிட்டர். ஐந்தரை மணி நேரத்துக்கு 3,300 லிட்டர். தாமதம் நேரலாம்; வானிலை காரணமாக வேறு நிலையத்துக்குத் திருப்பப்படலாம். எனவே, பாதியளவு கூடுதலாகச் சேர்த்தால் ஏறத்தாழ 5,000 லிட்டர். அவ்வளவு ஆக்சிஜனுக்கான உருளைகளின் எடை, விமானத்தில் இன்னொருவர் அமர இடமுண்டா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும். “அண்ணனும் அம்மாவும் இருவரும் வரலாமா?” என்ற வினாவுக்கு விமான நிறுவனம் உடனே விடைகூறத் தயங்குவது இதனாலேயே.

ஆவணங்களும் மருந்துகளும்

நோயாளி நினைவிழந்திருந்தாலும் அவருக்குக் கடவுச்சீட்டு வேண்டும். அயல்நாட்டவராயின் பெரும்பாலும் மருத்துவ விசா வேண்டும். உடன் வருவோருக்கு மருத்துவ உதவியாளர் விசா வேண்டும். இந்தியாவில் ஒரு நோயாளியோடு இருவர் வரை அவ்வகை விசாவில் வரலாம். அதற்கு, ஏற்கும் மருத்துவமனையின் அழைப்புக் கடிதம் தேவை. கடவுச்சீட்டு தொலைந்திருந்தால் தம் நாட்டுத் தூதரகத்தை உடனே அணுகி அவசரப் பயண ஆவணம் பெறலாம்.

புறப்படும் நாட்டிலும் தடை எழக்கூடும். சாலை விபத்து போன்றவற்றில் காவல்துறை வழக்கு நிலுவையில் இருந்தால் நாட்டைவிட்டு வெளியேற அனுமதி வேண்டியிருக்கலாம். தங்கும் உரிமம் காலாவதியாகியிருந்தாலும் சிக்கல் எழும். மருத்துவமனைக் கட்டண நிலுவையும் தீர்க்கப்பட வேண்டும். விமானம் வந்து நின்ற பின் இவற்றை அறிவதைவிட முந்தையநாள் அறிவது நன்று; காத்திருக்கும் விமானத்துக்கு மணிக்கணக்கில் கட்டணம் உண்டு.

மஞ்சள் காய்ச்சல் பரவும் ஆப்பிரிக்க, தென்னமெரிக்க நாடுகளிலிருந்து வருவோர் தடுப்பூசிச் சான்று வைத்திருக்க வேண்டும். சான்றில்லாதவரை 6 நாள் வரை தனிமைப்படுத்த இந்திய விதி இடமளிக்கிறது. ஊசி போட்டுக்கொண்ட 10ஆம் நாளிலிருந்தே சான்று செல்லுபடியாகும். 2016ஆம் ஆண்டு முதல் அது வாழ்நாள் முழுமைக்கும் செல்லும். உடன் வருவோருக்கும் இது பொருந்தும் என்பதை மறவாதீர்கள்.

மார்ஃபின், ஃபென்டனில் போன்ற வலிநீக்கி மருந்துகள் 1961ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கையின்கீழ் கட்டுப்படுத்தப்பட்டவை. மருத்துவக் குழுவினர் அவற்றை அளவு குறித்த பட்டியலோடும் உரிய ஆவணங்களோடும் கொண்டுவருவர். உறவினர் தம் கைப்பையில் அத்தகைய மருந்துகளை வைத்திருத்தல் கூடாது. நம் ஊரில் மருந்துச்சீட்டில் எளிதாக எழுதப்படும் டிரமடால், கோடீன் கலந்த மருந்துகள்கூடச் சில வளைகுடா நாடுகளில் கடுமையான கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. அவ்வாறே, இசைவு பெறாத செயற்கைக்கோள் தொலைபேசியை இந்தியாவுக்குள் கொண்டுவருதலும் குற்றமாகும்.

செலவும் மாற்றுவழியும்

சென்னையில் உள்ள விமானம் ஒன்று மாலே சென்று திரும்புமாயின், வெறுமையாகச் செல்லும் பயணத்துக்கும் சேர்த்தே கட்டணம். இசைவுக் கட்டணம், இறங்கு கட்டணம், மருத்துவக் குழு, இருபுற ஆம்புலன்ஸ் ஆகியவை அடங்கிய ‘படுக்கையிலிருந்து படுக்கை வரை’ என்னும் முழுத்தொகையை எழுத்தில் பெறுங்கள். பயணம் ரத்தானால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் கேளுங்கள். பயணக் காப்பீடு இருந்தால் முதலில் அந்நிறுவனத்தை அழையுங்கள். பல காப்பீடுகளில் முன் ஒப்புதலின்றிக் குடும்பத்தாரே ஏற்பாடு செய்த விமானத்துக்குத் தொகை கிடைப்பதில்லை.

எல்லோருக்கும் தனி விமானம் தேவையுமில்லை. நிலை சீரடைந்த நோயாளியைப் பயணிகள் விமானத்தில், பல இருக்கைகளின் மேல் பொருத்திய ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து, மருத்துவரோ செவிலியரோ துணைவர அழைத்துவரலாம். இன்னும் நலமுற்றவர் இருக்கையிலேயே அமர்ந்து, ஆக்சிஜன் உதவியோடு வரலாம். விமான நிறுவனத்தின் மருத்துவப் படிவத்தைச் சிகிச்சையளிக்கும் மருத்துவர் நிரப்பித் தர வேண்டும். செலவு பன்மடங்கு குறையும். எல்லை இசைவு குறித்த கவலையும் இராது. ஒரு வாரம் காத்திருந்தால் இவ்வழி திறக்கும் என்றால், அந்தக் காத்திருப்பைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

புறப்படாதிருத்தலே நன்றாகும் வேளை

மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் முதல் சில மணி நேரமே முதன்மையானது. அந்நேரத்தில் அருகிலுள்ள தகுதிவாய்ந்த மருத்துவமனையில் கிடைக்கும் சிகிச்சை, தொலைவில் உள்ள சிறந்த மருத்துவமனையைவிட மேலானது. இசைவுக்காகவும் விமானத்துக்காகவும் காத்திருப்பதில் அந்தப் பொழுது கழிந்துவிடலாகாது. இரத்தக்கசிவு நிற்காதவர், இரத்த அழுத்தம் நிலைகொள்ளாதவர் ஆகியோரும் முதலில் அங்கேயே நிலைப்படுத்தப்பட வேண்டும்.

எனவே, “எப்போது புறப்படலாம்?” என்று கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: “அங்கே கிடைக்காத எந்தச் சிகிச்சை இங்கே கிடைக்கும்? அது பயணத்தின் ஆபத்தைவிடப் பெரிதா?” இதற்குத் தெளிவான விடை இருந்தால் பயணம் பொருளுடையது. விடை இல்லையெனில், மருத்துவ அறிக்கைகளையும் ஸ்கேன் படங்களையும் அனுப்பி இங்குள்ள நிபுணரின் கருத்தைப் பெறுவதே போதுமானதாக இருக்கலாம்.

குணப்படுத்த இயலாத நிலையில், சொந்த மண்ணில், தம் மக்கள் நடுவே இறுதி நாள்களைக் கழிக்க விரும்புவோரும் உண்டு. அது மதிக்கத்தக்க விருப்பம். அதற்காகவும் விமானங்கள் எல்லை கடக்கின்றன. அத்தகைய பயணத்துக்கு முன், வழியில் உயிர் பிரிய நேர்ந்தால் மீட்பு முயற்சி எதுவரை செய்யப்பட வேண்டும் என்பதைக் குடும்பத்தார் கலந்து பேசி, மருத்துவக் குழுவிடம் எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். பேசுவதற்குக் கடினமான செய்திதான். ஆயினும், உயரத்தில், இரைச்சலுக்கு நடுவே, மகனோ மகளோ அம்முடிவைத் தனியே எடுக்க நேர்வது அதைவிடக் கடினம்.

விமானம் பேசுமுன் உறுதிசெய்ய வேண்டியவை

1. ஏற்கும் மருத்துவமனையில் படுக்கை உறுதியாகிவிட்டதா? பொறுப்பேற்கும் மருத்துவரின் பெயர் எழுத்தில் உள்ளதா?

2. மூன்று மருத்துவர்களும் தம்முள் பேசிவிட்டார்களா? உள்ளறை அழுத்தம் குறித்த கட்டுப்பாடு உண்டா?

3. விமானம் வாடகைக்கு இயங்க உரிமம் பெற்றதா? உடன் வரும் மருத்துவர், செவிலியர் தீவிர சிகிச்சையில் பயிற்சி பெற்றவர்களா?

4. எந்தெந்த நாடுகளின் இசைவு வேண்டும்? எவை கிடைத்துவிட்டன? அங்கெல்லாம் இன்று அலுவலக நாளா, விடுமுறையா?

5. நோயாளி, உடன் வருவோர் ஆகியோரின் கடவுச்சீட்டும் விசாவும் செல்லுபடியாகின்றனவா?

6. முழுத்தொகையில் எவை அடங்கும், எவை அடங்கா?

வேறொரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வருபவரை, மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் உள்ளனவா என்ற பரிசோதனை முடியும் வரை தனியறையில் வைப்பது வழக்கம். வந்திறங்கியவுடன் நோயாளியைத் தனியே வைத்திருப்பதைக் கண்டு கலங்க வேண்டா. பழைய மருத்துவமனையின் சிகிச்சைச் சுருக்கம், கிருமிப் பரிசோதனை முடிவுகள், ஸ்கேன் குறுந்தகடுகள் ஆகியவற்றை நோயாளியோடு அதே விமானத்தில் அனுப்புங்கள். பெட்டியில் வைத்துப் பின்னர் அனுப்ப வேண்டா. நோயாளியைப் பெற்றுக்கொள்ளும் மருத்துவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.